சடைக்கும் ஒரு லேபிள்

எக்ஸ்ரே படத்தில் சடை எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடி எக்ஸ்ரேயில் விழாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தனித்தனி இழையாக இருந்தால் விழாதுதான். ஆனால் அடர்த்தியாகப் பின்னி, எண்ணெய் தடவி, தோளுக்கு முன்பக்கமாகப் போட்டிருந்தால், காறை எலும்பை ஒட்டி நுரையீரலின் உச்சியில் வெள்ளைத் திட்டுகளாக ஒரு நிழல் விழும். ஈரத்தோடு பின்னிய சடை என்றால் இன்னும் அழுத்தமாக விழும். கோத்தகிரிக் குளிரில் காலையில் குளித்த தலை மத்தியானம் ஆனாலும் முழுசாகக் காய்வதில்லை.

பெரியவர்களுக்குக் காசநோய் பெரும்பாலும் வந்து உட்காரும் இடமும் அதே உச்சிதான்.

எக்ஸ்ரே படங்களில் எது என்ன என்று கணினிக்குச் சொல்லித்தர, படத்தின் மேல் குறித்து வைப்பதுதான் லேபிள் போடுவது. அதற்கு இப்போது நான் பயன்படுத்தும் மென்பொருள், ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயைத் திறந்ததும் தானாகவே சில கட்டங்களைப் போட்டுக் காட்டும். ஓர் அம்மாவின் படத்தில், வலது உச்சியில் சிவப்புக் கட்டம் போட்டு ‘ஒப்பாசிட்டி’, அதாவது வெள்ளைத் திட்டு, என்று எழுதியது. பக்கத்தில் 1-க்கு 0.8-ஐத் தாண்டி ஒரு மதிப்பெண், அதாவது ரொம்ப நம்பிக்கையோடு சொல்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திட்டு நுரையீரலுக்குள் நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டி, நுரையீரலின் எல்லையையும் தாண்டி, கழுத்துப் பக்கம் மேலே ஏறிப் போகிறது. நோய் என்றால் நுரையீரலுக்குள்தானே இருக்க வேண்டும்? நிழலின் ஓரத்தில் பின்னல் பின்னலாக ஒரு சீரான வளைவும் தெரிந்தது. சடையேதான்.

இது சின்ன விஷயமில்லை. காசநோய்ப் பரிசோதனைக்கு, 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதில் கணினி மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்துவிட்டது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர், அதாவது ரேடியாலஜிஸ்ட், இல்லாத ஊர்களுக்கு அது நல்ல பரிந்துரை, நான் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். மலைமேல் உள்ள எத்தனையோ ஊர்களில் படம் எடுக்க ஆள் உண்டு, படிக்க ஆள் இல்லை. மென்பொருள் சந்தேகப்பட்டால் உடனே மாத்திரை கொடுத்துவிட மாட்டார்கள், சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதுவும் சரிதான். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கு அது ஒரு நாள் கூலி போவது, பஸ் ஏறி இன்னொரு தடவை வருவது, ரிசல்ட் வரும் வரை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு புழுங்குவது. சடைக்காக இதெல்லாம் நடக்கக் கூடாது.

மாடலுக்கு, அதாவது படங்களைப் பார்த்துப் பழகிய அந்தக் கணினி நிரலுக்கு, சடை தெரியாததற்குக் காரணம் எளிது. அது படித்த படங்களில் யாரும் ‘இது சடை’ என்று எழுதி வைக்கவில்லை.

நான் ஒரு ரேடியாலஜிஸ்ட். கோத்தகிரியில் இருந்துகொண்டு பக்கத்து மருத்துவமனைகளின் படங்களைப் படித்து ரிப்போர்ட் கொடுக்கிறேன். அந்த வேலை முடிந்த பிறகு, கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சிறு குழுவுக்காக லேபிள் போடுகிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பெயர், வயது, மருத்துவமனை எண் எல்லாம் நீக்கப்பட்ட படங்கள்தான் எனக்கு வரும். மழைக்காலத்தில் நெட் போய்ப் போய் வரும் என்பதால் ராத்திரியே இறக்கி வைத்துக்கொள்வேன். வேலை முறையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. லேபிளைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

ஒரு மாடல் எதையாவது கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், ஆயிரக்கணக்கான படங்களில் எது என்ன என்று யாரோ சொல்லித் தர வேண்டும். ‘இதில் நீர் கோத்திருக்கிறது’, ‘இதில் இதயம் பெரிதாக இருக்கிறது’, ‘இது நார்மல்’. அதுதான் லேபிள். அதை உட்கார்ந்து எழுத டாக்டர்களுக்கு நேரம் இல்லை என்பதால், 2017-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஒரு குறுக்கு வழி கண்டது. 30,805 பேரின் 1,12,120 நெஞ்சு எக்ஸ்ரேக்களை வெளியிட்டார்கள். 14 நோய்க்குறிகளுக்கான லேபிள்கள் இருந்தன. ஆனால் அந்த லேபிள்களைப் படத்தைப் பார்த்து யாரும் எழுதவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளின் வாசகங்களை ஒரு மென்பொருள் படித்து, அதிலிருந்து பிரித்து எடுத்தது.

ரிப்போர்ட் எழுதுகிறவளாகச் சொல்கிறேன், ரிப்போர்ட் என்பது படத்தின் முழு விவரம் கிடையாது. எழுதச் சொன்ன டாக்டர் கேட்ட கேள்விக்கான பதில் அது. போன வாரம் பார்த்த அதே நீர் இன்றும் இருந்தால் ‘மாற்றம் இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவோம். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அது போதும். மென்பொருளுக்கு அதில் என்ன கிடைக்கும்? ஆஸ்திரேலிய ரேடியாலஜிஸ்ட் லூக் ஓக்டன்-ரேனர் அந்த 1,12,120 படத் தொகுப்பின் ஒரு பகுதியைத் தானே உட்கார்ந்து பார்த்து, லேபிள்களில் எவ்வளவு தவறு இருக்கிறது என்று எழுதினார். அவர் காட்டியதில் என்னை மிகவும் பாதித்தது நியூமோதொராக்ஸ் பற்றியது. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துகொள்ளும் அவசர நிலை அது. அந்த லேபிள் போட்ட படங்களில் பெரும்பாலானவற்றில், காற்றை வெளியேற்றும் குழாய் ஏற்கெனவே நெஞ்சில் செருகப்பட்டிருந்தது. அப்படியென்றால் மாடல் கற்றுக்கொள்வது குழாயைக் கண்டுபிடிக்க. குழாய் போட்ட நோயாளிக்கு ஏற்கெனவே சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் குழாய் போடாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரைத்தான் மாடல் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், அவரைத்தான் அது தவறவிடும்.

2019-ல் ஸ்டான்ஃபோர்டு வெளியிட்ட செக்ஸ்பெர்ட் தொகுப்பில் 65,240 பேரின் 2,24,316 படங்கள். அதிலும் லேபிள்கள் ரிப்போர்ட்டிலிருந்துதான் வந்தன. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: ‘உண்டு’, ‘இல்லை’ என்பதோடு ‘உறுதியில்லை’ என்பதற்கும் இடம் வைத்தார்கள். எங்கள் தொழிலில் பாதி நாள் அந்த மூன்றாவது இடத்தில்தான் கழிகிறது. அதை மறைக்காமல் லேபிளாகவே ஏற்றுக்கொண்டது நேர்மை.

வியட்நாமில் செய்தது இன்னும் பிடித்தது. வின்டிஆர் என்ற தொகுப்புக்காக ஹனோயின் இரண்டு மருத்துவமனைகளிலிருந்து 18,000 படங்களை எடுத்து, 17 ரேடியாலஜிஸ்டுகளை உட்கார வைத்து, ரிப்போர்ட்டை நம்பாமல் படத்திலேயே கட்டம் போட வைத்தார்கள். பயிற்சிக்கான 15,000 படங்களில் ஒவ்வொன்றையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். சோதனைக்கான 3,000 படங்களில் ஐந்து பேரின் ஒருமித்த முடிவு. அமெரிக்காவை விட எத்தனையோ மடங்கு குறைந்த எண்ணிக்கை, ஆனால் தங்கள் ஊர் நெஞ்சைத் தங்கள் ஊர் டாக்டர்கள் பார்த்தார்கள். நாங்கள் செய்ய நினைப்பதும் அதைத்தான்.

இனி மென்பொருள் எங்கே உண்மையாகவே கை கொடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சி.டி. ஸ்கேனில் கல்லீரலின் எல்லையை வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைஸ் ஸ்லைஸாகப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் மவுஸைப் பிடித்து ஓரத்தைச் சுற்றி வர வேண்டும். கல்லீரலும் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும், மேலே இதயம் வந்து உட்காரும் இடத்தில் எது எங்கே முடிகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நோயாளியின் ஒரு கல்லீரலை முடிப்பதற்குள் மணிக்கட்டு வலி எடுத்துவிடும்.

இப்போது மாடல் முதலில் நிறம் தீட்டி வரைந்து கொடுக்கிறது. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் வழிந்து போயிருந்தால் அங்கே ஒரு கிளிக், ‘இது இல்லை’ என்று. விட்டுப் போன மூலையில் ஒரு கிளிக், ‘இதுவும் உண்டு’ என்று. நிறம் அப்படியே உள்வாங்கி, நீண்டு, சரியான ஓரத்தில் போய் நிற்கிறது. 2023-ல் மெட்டா வெளியிட்ட செக்மென்ட் எனிதிங் மாடல் இந்தக் கிளிக் முறையைப் பரவலாக்கியது, மருத்துவப் படங்களுக்கென்றே அதைத் திருத்தி மெட்சாம் என்று இன்னொன்றும் வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் செய்து, அதே 2023-ல் ஆய்விதழில் வந்த டோட்டல் செக்மென்டேட்டர், சி.டி.யில் உறுப்பு, எலும்பு, தசை, ரத்தக்குழாய் என்று 104 பகுதிகளைத் தனித்தனியாக நிறம் தீட்டிக் கொடுத்துவிடும். அதை அவர்கள் உருவாக்கிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலில் ஐந்தே நோயாளிகளுக்குக் கையால் வரைந்தார்கள். அதை வைத்து ஒரு மாடலைப் பழக்கினார்கள். அந்த மாடல் வரைந்ததை மனிதர்கள் திருத்தினார்கள். திருத்தியதை வைத்து மறுபடி பழக்கினார்கள். 20 பேர், 100 பேர் என்று போகப் போக மாடலின் கை திருந்திக்கொண்டே வந்தது, திருத்த வேண்டிய வேலை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் 1,204 ஸ்கேன்கள். இதை மனிதக் கையால் மட்டும் செய்ய எந்த மருத்துவமனையாலும் முடியாது.

ஆக, கோடு போடுவதை மென்பொருளிடம் தாராளமாகக் கொடுக்கலாம். பெயர் வைப்பதைக் கொடுக்கும்போதுதான் எனக்குப் பயம். கல்லீரலின் ஓரம் தப்பாகப் போனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ‘இது நோய்’ என்று ஒரு கட்டம் போட்டு நம் முன்னால் வைத்துவிட்டால், நம் கண் அதை ஒட்டியே யோசிக்க ஆரம்பித்துவிடும்.

2023-ல் ‘ரேடியாலஜி’ ஆய்விதழில் வந்த ஒரு பரிசோதனை இதை அளந்து காட்டியது. 27 ரேடியாலஜிஸ்டுகளிடம் 50 மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, படங்களைக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவின் கருத்து என்று சொல்லி, புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்ற ஒரு தரமதிப்பையும் பக்கத்தில் காட்டினார்கள். சிலவற்றில் அந்தக் கருத்து வேண்டுமென்றே தப்பு. கருத்து சரியாக இருந்தபோது, பல வருட அனுபவம் உள்ளவர்கள் 82 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். தப்பாக இருந்தபோது அவர்களே 45.5 சதவீதத்துக்கு இறங்கினார்கள். அனுபவம் குறைந்தவர்கள் 20 சதவீதத்துக்கும் கீழே போனார்கள். இதைப் படித்த பிறகு, மாடலின் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே லேபிள் போடுவதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

கோயம்புத்தூர்க் குழுவில் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கும் எனக்கும் இதில் ஒரு நீண்ட பேச்சு நடந்தது.

“மேடம், மாடல் முன்னாடியே போட்டு வச்சதை நீங்க திருத்தினா மட்டும் போதும். ஒரு படத்துக்கு அரை நிமிஷம்தான் ஆகும். வெறும் படத்துலேர்ந்து ஆரம்பிச்சா நேரம் ரொம்பப் போகுது.”

“போகட்டும் தம்பி. உங்க மாடல் சொன்னதையே நான் திருப்பிச் சொன்னா, அதை வச்சு மறுபடி நீங்க அதே மாடலைப் பழக்கினா, அதுக்குப் புதுசா என்ன தெரியப் போகுது?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே ஒரு வழி கொண்டு வந்தார். முதலில் வெறும் படம் மட்டும் திறக்கும். நான் என் லேபிளைப் போட்டுப் பூட்டிய பிறகுதான் மாடலின் கட்டங்கள் தெரியும். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த படம். ஒத்துப்போகாவிட்டால் படம் தனிப் பட்டியலுக்குப் போகும், அதை இன்னொரு ரேடியாலஜிஸ்ட் பார்ப்பார். என் முதல் லேபிளும் அழியாது, நான் மனசு மாறினால் மாற்றியதும் தனியாகப் பதிவாகும். அந்தத் தம்பிக்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும். வேகம்தான் அவருடைய வேலையின் அளவுகோல், அதை விட்டுக்கொடுத்து இதைச் செய்தார்.

இந்த முறை நாங்கள் கண்டுபிடித்ததும் இல்லை. எல்.ஐ.டி.சி. என்ற பழைய நுரையீரல் சி.டி. தொகுப்பில் 1,018 ஸ்கேன்களில் ஒவ்வொன்றையும் நான்கு ரேடியாலஜிஸ்டுகள் முதலில் தனித்தனியாகவும், பிறகு மற்றவர்களின் குறிகளைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் படித்தார்கள். ஒத்துப்போக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் உள்ள கட்டி என்று ஒருவராவது குறித்தவை 2,669. நான்கு பேரும் அப்படிக் குறித்தவை 928 மட்டுமே. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! தேர்ந்த கண்கள் நான்கு ஒரே படத்தைப் பார்க்கும்போதே இவ்வளவு வேறுபாடு. அதை ஒரே ‘சரியான விடை’யாக அமுக்காமல் அப்படியே பாதுகாத்ததால்தான் இன்றைக்கும் அந்தத் தொகுப்பு பயன்படுகிறது.

சரி, நம் ஊர் நெஞ்சுக்கு வருகிறேன். நான் இந்த வேலையில் இருப்பதற்கே காரணம் அதுதான்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பணியர், முள்ளுக் குறும்பர் போன்ற பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் நோய் உண்டு. ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய். இந்தியாவில் இந்த மரபணு இருப்பதை முதன்முதலில் 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டறிந்து எழுதியதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு இந்த நோயை ஒழிக்கத் தேசிய இயக்கம் தொடங்கியது. ஆனால் நெஞ்சு எக்ஸ்ரேக்கான உலகப் புகழ் பெற்ற அந்த 14 லேபிள்களில் இதற்கு இடம் கிடையாது.

சிக்கிள் செல் உள்ள ஓர் இளைஞரின் படம் எப்படி இருக்கும்? இதயம் கொஞ்சம் பெரிதாக இருக்கும், பல வருடமாக ரத்தசோகையோடு ஓடி ஓடிப் பெரிதானது. மாடல் அதைச் சரியாகவே கண்டுபிடித்து ‘கார்டியோமெகலி’ என்று எழுதும். அதோடு நிறுத்திக்கொள்ளும். நான் படத்தின் இரண்டு மேல் ஓரங்களுக்குப் போவேன். தோள்மூட்டின் உருண்டை எலும்பு அங்கே பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். ரத்த ஓட்டம் அடைபட்டு அந்த எலும்பின் தலைப்பகுதி செத்துப்போயிருந்தால், மேல் பக்கம் வெள்ளையாக இறுகியிருக்கும், சிலருக்கு வளைவு தட்டையாகியிருக்கும். முதுகெலும்புக் கட்டைகளின் நடுப்பகுதி மேலும் கீழும் குழிந்து ஆங்கில ‘எச்’ எழுத்தைப் போல ஆகியிருக்கும். இருபது வயதுப் பையனுக்குப் பெரிய இதயம், கூடவே தோள் எலும்பில் இந்த மாற்றம், ஊர் பந்தலூர்ப் பக்கம் என்றால், நெஞ்சு எக்ஸ்ரேயிலிருந்தே ‘ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்’ என்று எழுத முடியும். நுரையீரலுக்குள் மட்டும் கட்டம் போடக் கற்றுக்கொண்ட மாடலுக்குத் தோள்மூட்டு ஒரு பொருட்டே இல்லை, ஓரத்தில் கிடக்கும் ஏதோ ஒன்று.

அதனால் எங்கள் லேபிள் பட்டியலில் தோள்மூட்டைச் சேர்த்தோம், முதுகெலும்பின் வடிவத்தைச் சேர்த்தோம். அப்புறம் நோயில்லாதவற்றுக்கும் பெயர் வைத்தோம்: சடை, ஸ்வெட்டர் பட்டன், தாயத்து, ஊக்கு, தாலிக்கொடி. குளிருக்குப் பயந்து ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லும் பாட்டிகள் இங்கே நிறைய. பட்டன் நுரையீரலின் நடுவில் வட்டமாக விழுந்தால், நாலு துளையும் தெரிந்தால் பிரச்சினை இல்லை, தெரியாவிட்டால் அது ஒரு கட்டியைப் போலவே உட்கார்ந்திருக்கும். இவற்றையெல்லாம் ‘குப்பை’ என்று ஒதுக்கிப் படத்தையே நீக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. காசநோய்ப் பரிசோதனை முகாமில் எடுக்கும் படங்கள் இப்படித்தான் இருக்கும். சுத்தமான படங்களை மட்டும் பார்த்து வளர்ந்த மாடல் முகாமுக்குப் போனால் திணறும்.

இடது, வலது என்று காட்ட, படம் எடுக்கும் ரேடியோகிராபர் வைக்கும் ஈய எழுத்தையும் குறிக்கிறோம். 2018-ல் அமெரிக்காவில் நிமோனியா மாடல்களைச் சோதித்தபோது, மாடல் நுரையீரலோடு சேர்த்து மூலையில் இருந்த அந்த உலோக எழுத்தையும் பார்த்து, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்று கண்டுபிடித்துக்கொண்டது தெரியவந்தது. நிமோனியா நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனை என்றால் நிமோனியா இருக்கும் என்று கணக்கு. நம் மலையிலும் ஒரே ஊரின் படங்கள் எல்லாம் டி.பி., இன்னோர் ஊரின் படங்கள் எல்லாம் நார்மல் என்று சேர்த்துவிட்டால் இதேதான் நடக்கும். அதனால் ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் இரண்டு வகையும் கேட்டு வாங்குகிறோம்.

படத்திலேயே பெயர் அச்சாகி வந்துவிடும் பிரச்சினையும் இருக்கிறது. கோப்பில் உள்ள பெயரை மென்பொருள் நீக்கிவிடும். படத்தின் மூலையில் எழுத்தாகப் பதிந்துவிட்ட பெயரை மனிதர்தான் பார்த்து மறைக்க வேண்டும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் லேபிள் போடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ரேடியோகிராபர்கள் சிலர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். “அம்மா, முடியத் தூக்கி மேல கட்டிக்குங்க, மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க” என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி, நான் இங்கே உட்கார்ந்து போடும் பல லேபிள்களை விடப் பெரிய உதவி. முடியாமல் போனால், சடை இருக்கிறது என்று படிவத்தில் ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்கள். தோள்மூட்டு இரண்டும் படத்துக்குள் வருகிற மாதிரி எடுங்கள். அடுத்த தொகுதிக்குக் கூடலூர்ப் பக்கத்துப் படங்களைக் கேட்டிருக்கிறோம், அனுமதிக் கடிதம் போயிருக்கிறது. முன்பக்கப் படத்தோடு பக்கவாட்டுப் படமும் எடுத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், முதுகெலும்பைப் பார்க்க அதுதான் வேண்டும்.